கடிச்சது துரை

அது நாய் முடி தம்பி. தட்டிவிட்டா போகாது. காலையில துவைச்சு மடிச்ச சட்டைதான், எடுத்துப் போடும்போதே இப்படித்தான் இருந்துச்சு. உங்க பேன்ட்லயும் ஒட்டிட்டா? இந்தா, தள்ளி உக்காருதேன். மஞ்சளா சின்னதா இருக்கது துரையோடது. வெள்ளையா ஊசி மாதிரி குத்திக்கிட்டு நிக்கிது பாருங்க, அது கேப்டன். இன்னொண்ணு சிப்பி, கிழடு, அதுக்கு உதிர்றதுக்கு முடியே இல்ல. மூணு நாய் வீட்டுல. மனுசங்க ரெண்டு பேரு. இன்னையிலேருந்து ஒருத்தி.

நான் மெட்ராசுக்குப் போறேன். மதுரையில எறங்கி ரயிலு. தூர்வாருற கப்பல்ல ஆறு மாச வேலை இருக்குன்னு ஒரு ஏஜென்டு கூப்பிட்டிருக்கான். அம்பத்தெட்டு வயசுல எதுக்குன்னுதானே நெனைக்கிறீங்க? எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. என் பொஞ்சாதி மட்டும் கேக்கல. ‘எத்தன சட்டை வைக்கட்டும்?’னா. அவ்வளவுதான். நாய்ங்களோட நிம்மதிக்காகப் போறேன்னு வச்சுக்கங்களேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். ஒரு வீட்டுல இத்தன பேருக்குத்தான் எடம்னு ஒரு கணக்கு இருக்குல்ல.

இந்த டிரைவர் ஏன் உருட்டுதான்? முன்னால ரோடு காலியாத்தானே கெடக்கு.

என் பேரு இன்னாசி. தூத்துக்குடிதான், திரேஸ்புரம். முப்பத்தொரு வருஷம் கப்பல்ல இருந்தேன், கடைசிப் பன்னெண்டு வருஷம் போசன். போசன்னா டெக்குல வேலை பாக்குற ஆளுகளுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. பதினாலு பேர் நான் கையத் தூக்குனா நிப்பான், எறக்குனா இழுப்பான். போன அக்டோபர்ல ஒரேயடியா எறங்கி வந்துட்டேன். பிலோமினா, அதான் என் பொஞ்சாதி, ரெண்டு தெரு தள்ளி ஒரு மெடிக்கல் ஷாப்புல வேலை பாக்குதா. மகள நாகர்கோவில்ல கட்டிக் குடுத்தாச்சு.

முன்னால லீவுல வருவேன் பாருங்க, வருஷத்துக்கு ரெண்டு மாசம். அப்ப ரெண்டு நாயையும் பின்பக்கம் கட்டிப் போட்டிருவா. ரெண்டு மாசந்தானே. இந்தத் தடவ மூணு மாசம் ஆச்சு, ஒருநாள் அவுத்து விட்டுட்டா. ‘இனிமே எத்தன நாளைக்குக் கட்டிப்போட? பாவம்லா?’ன்னா. நியாயந்தான்.

ஆனா துரை என்ன பண்ணுது? நான் கட்டில்ல உக்காந்தா உறுமுது. என் கட்டில் தம்பி. கல்யாணத்துக்கு எங்கப்பா செஞ்சு குடுத்த கட்டில். அடுக்களைக்குப் போனா வாசல்ல குறுக்க படுத்துக்கிடுது. அவகிட்ட ஒரு வார்த்தை சத்தமாப் பேசுனா எந்திரிச்சு நடுவுல வந்து நிக்கிது. நான் எப்பவுமே சத்தமாத்தான் பேசுவேன். டெக்குல அடிக்கிற காத்துல மெதுவாப் பேசுனா எவனுக்குக் கேக்கும்? அதுவும் பேரப் பாருங்க, துரை. ‘துரை, சாப்பிட வாங்க’ம்பா அவ. நான் எந்திரிப்பேன். அது ஓடும். சிப்பி தேவலை, அது உறுமாது. ஆனா என்னைப் பாத்தா எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிரும். அது உறுமுறத விட மோசம்.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, நமக்குன்னு ஒரு நாய் வேணும்னு.

துறைமுகத்துல ஒரு ஆபீசர், பீகார்க்காரரு, மாற்றலாகி ஊருக்குப் போறாரு. அவருக்கிட்ட ஒரு லேப்ரடார். மூணு வயசு. வெள்ளை வெளேர்னு கன்னுக்குட்டி கணக்கா இருக்கும். கூட்டிட்டுப் போக முடியாது, நல்ல எடமாப் பாத்துக் குடுக்கணும்னாரு. பேரு கேப்டன். முப்பத்தொரு வருஷம் கேப்டன் சொல்லி நான் கேட்டாச்சு, இனிமே நான் சொல்லிக் கேப்டன் கேக்கட்டும்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். அதவிட ஒரு விசேஷம், அதுக்கு இந்தி மட்டுந்தான் தெரியும். ‘பைட்டோ’ன்னா உக்காரும், ‘ஆஜா’ன்னா வரும். கப்பல்ல பாதிப் பேரு வடக்கத்தியான், எனக்கு இந்தி தண்ணிபட்ட பாடு. அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. வீட்டுக்குள்ள எனக்கும் ஒருத்தன் பேச்சுத்துணைக்கு ஆச்சுல்ல.

அவகிட்டச் சொல்லல. சொல்லிட்டா அப்புறம் கூட்டிட்டு வர என்ன இருக்கு? தவக்காலம் ஆரம்பிச்ச வாரம், ஒரு சாயங்காலம், நேரா ஆட்டோல ஏத்தி வந்து கேட்டைத் தொறந்து உள்ள விட்டேன்.

அடேயப்பா. துரை மாடிப்படியில இருந்துச்சு. படியில கால் வச்சுச்சா இல்லையான்னே தெரியல, மேலருந்து பாஞ்சுட்டு. ரெண்டும் கட்டிப் புரளுது, பூந்தொட்டியெல்லாம் உடையுது, ஆட்டோக்காரன் வாடகைகூட வாங்காம வண்டியத் திருப்பிட்டான். அவ உள்ளருந்து ஒரு வாளித் தண்ணியக் கொண்டு வந்து ரெண்டு மேலயும் ஊத்துனா. அப்பத்தான் விட்டுச்சு. கேப்டனுக்குக் காது கிழிஞ்சு தொங்குது.

‘யாரு இது?’ன்னா.

‘என் நாய்’ன்னேன்.

‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? முன்னாலயே தெரிஞ்சா நான் இதுகளப் பழக்கியிருப்பேனே.’

‘என் வீட்டுக்குள்ள வர எனக்குக் கேட் பாஸ் வேணுமா?’ன்னேன்.

அவ கேப்டன் காதுல துண்டை வச்சு அமுக்குனா. எனக்கு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நாய்ங்களுக்காகச் சொல்லுதேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில தையல் போட்டாங்க. அங்க ஒரு கம்பவுண்டரு, வழுக்கத்தலை. அவருகிட்ட இவ கேக்குதா, எப்படிச் சேத்து வைக்கிறதுன்னு. அவரு சொன்னாரு, ‘வீட்டுக்குள்ள வச்சுப் பழக்காதீங்கம்மா. அது பழைய நாயோட எல்லை. வெளிய பொது எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆளுக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளித் தள்ளி நடங்க. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நெருங்குங்க. அவசரப்படாதீங்க.’ சரின்னு தலையாட்டிட்டு வந்தோம். வீட்டுல கேப்டனுக்கு முன் ரூமு, அதுக ரெண்டுக்கும் பின்கட்டு. நடுக்கதவு சாத்தியே இருக்கும். நான் முன் ரூம்ல கேப்டன்கூட இருந்துக்கிட்டேன். அவ பின்னால. சாப்பாட்டுத் தட்டை அந்தக் கதவு வழியாத்தான் நீட்டுவா.

காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு கடற்கரைக்குப் போவோம். அவ துரையப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம், நான் கேப்டனோட இந்தப் பக்கம். நடுவுல அஞ்சு பாகம் எடம். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், கப்பல்ல எல்லாம் அந்தக் கணக்குத்தான். மூணு நாளைக்கு ஒரு பாகம் குறைக்கணும். கல்யாணமாகி முப்பது வருஷத்துல அவகூட அப்படி நான் நடந்ததே கிடையாது. லீவுல வந்தா ஒரு மாசம் சொந்தக்காரன் வீடு, ஒரு மாசம் கப்பல் ஆபீசுக்குப் பேப்பர் வேலை. எங்க நடக்க?

நடக்கும்போது அவ சத்தமாப் பேசணும். இல்லன்னா எனக்குக் கேக்காது. ‘துரை எப்படி வந்தான்னு தெரியுமா?’ன்னா ஒருநாள்.

‘நீ சொல்லலியே.’

‘நாலு வருஷத்துக்கு முந்தி. மத்தியானம் ஒருத்தன் பின்பக்கச் சுவரேறிக் குதிச்சுட்டான். நான் குளிக்கிற ரூமுக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் இருந்தேன். அவன் வெளிய நடக்குற சத்தம் கேக்கு. மறுநாள்தான் இவனத் தூக்கிட்டு வந்தேன்.’

‘நான் அப்ப எங்க இருந்தேன்?’

‘சான்டோஸ்னு சொன்னிய.’

எனக்கு உடனே ஞாபகம் வந்துட்டு. ஆமா, சான்டோஸ், பிரேசில். சர்க்கரை ஏத்த நின்னோம். பதினெட்டு நாள் விடாம மழை. சர்க்கரையில தண்ணி படக்கூடாதுல்ல, அதனால மழைன்னா ஏத்த மாட்டான். அத அவளுக்கு விளக்கமாச் சொன்னேன். சிப்பி வந்த கதையும் சொன்னா, அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்துட்டு ஆஸ்பத்திரியிலேருந்து தனியா ஆட்டோல வந்து எறங்குறா, கேட்டுக்குக் கீழ ஒரு குட்டி நனைஞ்சு போய்க் கெடந்துச்சாம். ‘ரெண்டு பேருமே எந்திரிக்க முடியாமக் கெடந்தோம்’னா. அந்த வருஷம் நாங்க ரோட்டர்டாம்ல. கயிறெல்லாம் பனியில வெறச்சுப்போயி கம்பி மாதிரி நிக்கும் தம்பி. அதச் சொன்னேன். அதுக்கப்புறம் அன்னைக்கு அவ பேசல. மூச்சு வாங்கியிருக்கும். மணல்ல நடக்குறது லேசா?

பத்து நாள்ல ரெண்டு பாகத்துக்கு வந்துட்டோம். துரை உறுமல. கேப்டன் வாலை ஆட்டுது. அவ்வளவு கிட்டத்துல அவளும் சத்தம் போட்டுப் பேச வேண்டியதில்ல. ஆனா எனக்குப் பொறுமை போயிட்டு. எத்தன நாளைக்கு இப்படி மணல அளந்துக்கிட்டு இருக்க? கப்பல்ல ரெண்டு பேரு மொறச்சுக்கிட்டா நான் என்ன செய்வேன் தெரியுமா? ரெண்டு பேரையும் பெயின்ட் ஸ்டோருக்குள்ள விட்டு வெளிய பூட்டிருவேன். அரை மணி நேரத்துல தோள்ல கையப் போட்டுக்கிட்டு வருவான். எத்தன தடவ பாத்திருக்கேன்.

அன்னைக்கு அவ கடைக்குப் போயிட்டா. பதினோரு மணி இருக்கும். நடுக்கதவைத் தொறந்து மூணையும் ஹால்ல விட்டு எல்லாக் கதவையும் சாத்திட்டேன். ஒரே சட்டியில சோறும் மீனும் போட்டுப் பிசைஞ்சு நடுவுல வச்சேன். சேந்து சாப்பிட்டா சேந்துரும்னு.

ஆமா, ஒரே சட்டின்னா சண்டைதான் வரும்னு இப்ப நீங்க சொல்லுதீங்க. அப்ப எனக்குத் தோணலியே.

சட்டி தரையில பட்டதுதான் தெரியும். சிப்பி பாவம், நடுவுல மாட்டிக்கிட்டு அலறுது. கிழடு, அது செத்துரும்னு பயந்துட்டேன். கையை உள்ள விட்டேன். ஒருத்தன் பிடிச்சுட்டான். உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவுல, எலும்பு வரைக்கும்.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, மதுரையில எறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிடிச்சது கேப்டன். என் நாய். நான் இந்தியில கத்துதேன், ‘சோடோ, சோடோ’ன்னு, விடு விடுன்னு. அது என் கண்ணையே பாத்துக்கிட்டு விடாமப் பிடிச்சிருந்துச்சு.

எப்படியோ கதவைத் தொறந்தேன். துரை அம்பு மாதிரி வெளிய ஓடிட்டு. எங்க போச்சுங்கிறீங்க? நேரா அவ கடைக்கு. அஞ்சு நிமிஷத்துல அவ அதுகூட ஓடி வாறா. நான் படியில உக்காந்திருக்கேன், வேட்டியெல்லாம் ரத்தம். ‘யாரு கடிச்சா?’ன்னா.

‘துரை’ன்னு வாயில வந்துட்டு.

பெறவு என்ன செய்ய? நான் ஆசைப்பட்டுக் கூட்டிட்டு வந்த நாய் என்னையே கடிச்சிட்டுன்னு எப்படிச் சொல்ல? அதுவும் அவகிட்ட? ‘கடிச்சிட்டு ஓடிப் போயிட்டான் பாரு, குத்தமுள்ள நெஞ்சு’ன்னு வேற சொல்லிவச்சேன். அவ என்ன பண்ணுனா தெரியுமா? நான் ரத்தம் வடியக் குத்தவச்சிருக்கேன், அவ துரையப் பிடிச்சு அதோட உதட்டத் தூக்கி வாயப் பாக்குதா! அதுக்குப் பல்லு கில்லு போயிட்டான்னு பாக்குதா போல. அப்புறம் கேப்டன் மூஞ்சியை ஈரத்துணியால தொடச்சு விட்டா. அதுக்கப்புறந்தான் என் கையி. எனக்கு அழுகையே வந்துட்டு தம்பி, வலியில.

பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தடுப்பூசி நாலு தடவ போடணும், அன்னைக்கு ஒண்ணு, மூணாம் நாள், ஏழாம் நாள், கடைசியா இருபத்தெட்டாம் நாள்னாங்க. டாக்டரு சொன்னாரு, கடிச்ச நாயப் பத்து நாள் கவனிக்கணும், ஒழுங்காத் தின்னுதா, தண்ணி குடிக்குதான்னு பாக்கணும்னு. வீட்டுக்கு வந்ததும் நான் கறாராச் சொல்லிட்டேன். ‘அந்தத் துரைய எங்கயாவது அனுப்பு. இல்லன்னா நான் இருக்க மாட்டேன்.’

அவ ஆஸ்பத்திரிச் சீட்டை மடிச்சு வச்சா. ‘சரி. பத்து நாள் போகட்டும்’னா.

இந்தப் பத்து நாள்லதான் தம்பி எனக்கு மனசு விட்டுப்போச்சு. கடிச்சது துரைன்னு நான் சொல்லியிருக்கேன், அவ துரையத் திரும்பிக்கூடப் பாக்கல. அது பாட்டுக்கு வாசல்ல படுத்துக் கெடக்கு. இவ காலையிலயும் சாயங்காலமும் கேப்டன் முன்னால ஒரு கிண்ணத்துல தண்ணிய வச்சிட்டுத் தரையில உக்காந்துருதா. அது குடிக்கிறதையே பாக்குதா. கடைசிச் சொட்டு வரைக்கும். சோத்தைக் கையால ஊட்டுதா. ‘கேப்டா, இங்க வா. நல்லா இருக்கியா? கண்ணக் காட்டு’ன்னு பேசுதா. எனக்குன்னு ஒரே ஒரு நாய், அதையும் வசியம் பண்ணுதா! எட்டாம் நாள் பாத்தா ‘உக்காரு’ன்னா உக்காருது. தமிழ்ல.

பத்து நாள் முடிஞ்சுது. அவளே வந்தா. ‘பத்து நாள் ஆயிட்டு. ஒண்ணும் பயமில்ல. துரைய அனுப்பணுமா?’ன்னா.

எனக்கும் கோவம் ஆறிட்டு. ‘இருக்கட்டும் விடு. வாயில்லாத சீவன், தெரியாமக் கடிச்சிட்டு. நான் மன்னிச்சிட்டேன்’னேன்.

‘பெரிய மனசு’ன்னா. அடுக்களைக்குள்ள போயிட்டா. ரொம்ப நேரம் குழாய்த் தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு.

எனக்குக் கைக்கட்டு. அதனால கடற்கரைக்கு அவ ரெண்டு நாயையும் ஒருத்தியே பிடிச்சுக்கிட்டுப் போனா, ரெண்டு கையிலயும் ரெண்டு சங்கிலி. நான் ஒரு சிமென்ட் பெஞ்சுல உக்காந்து பாப்பேன். ஒரு பாகம், அரைப் பாகம், அப்புறம் ரெண்டும் ஒட்டிக்கிட்டே வருது. மூணாவது வாரம் நடுக்கதவைத் தொறந்துட்டா. ஒரு சத்தம் இல்ல. அவ ஹால்ல துணி மடிச்சுக்கிட்டு இருக்கா, சுத்தி மூணும் படுத்துக் கெடக்கு, சிப்பி கேப்டன் வயித்துல தலைய வச்சுக்கிட்டு. நான் வாசல்ல நிக்குதேன். நாலு பேரும் நிமிந்து என்னைப் பாத்தாங்க. எங்க உக்காரன்னு தெரியல எனக்கு. அப்படியே மாடிக்குப் போயி அந்த ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

ஆமா, நான்தான் போட்டேன். அவன் கூப்பிட்டான்னா சொன்னேன்? சரி, எதோ ஒண்ணு.

இங்க எதுக்கு நிக்கிது? எட்டயபுரமா? இப்பத்தான் எட்டயபுரமா?

ஆங், ஒரு உதவி தம்பி. அந்த நாலாவது ஊசி நாளைக்குன்னு நெனைக்கிறேன். இத்தன நாளும் சீட்டை அவதான் வச்சிருந்தா, அவதான் கூட வருவா. இன்னைக்குக் கெளம்பும்போது சட்டைப் பையில திணிச்சு விட்டா, ‘மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரியில காட்டுங்க, போட்டு விடுவாங்க. மறந்துராதிய’ன்னு. என் கண்ணாடி மேல பொட்டிக்குள்ள கெடக்கு. தேதிய மட்டும் பாத்துச் சொல்லுங்க.

நாளைக்குத்தானா? சரி. அதுக்குக் கீழ ஏதோ எழுதியிருக்கே, என்ன மருந்தா?

என்னது?

இன்னொரு தடவ வாசிங்க.

‘கடித்தது வளர்ப்பு நாய். லேப்ரடார். ஆண். வயது மூன்று.’ அப்படியா போட்டிருக்கு? துரை லேப்ரடார் இல்ல தம்பி, அது சும்மா தெரு... என்னைக்குள்ள தேதி போட்டிருக்கு? மேல பாருங்க. முதல் ஊசித் தேதியா? அன்னைக்கேவா எழுதியிருக்கு?

நான் உள்ள குழாயில கையக் காட்டிக்கிட்டு நின்னேன். கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவணும்னு நிப்பாட்டி வச்சிருந்தாங்க. சீட்டு எழுதுற எடத்துல அவதான் நின்னா.

அப்ப அந்தப் பத்து நாளும்... தண்ணிக் கிண்ணத்த வச்சுக்கிட்டு... கேப்டன...

மன்னிச்சிட்டேன்னு சொன்னேனே தம்பி. அவ மூஞ்சிய நேராப் பாத்துச் சொன்னேன், துரைய நான் மன்னிச்சிட்டேன்னு.

கொஞ்சம் இருங்க, ஒரு போன் பேசிக்கிடுதேன்.

பிலோ. நான்தான். ஆமா, பஸ்லதான். எட்டயபுரம். இல்ல, ஒண்ணும் விட்டுட்டு வரல. எல்லாம் இருக்கு. கையா? கை நல்லாருக்கு. ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். அது வந்து... துரை சாப்பிட்டானா?

ம்.

ம். சரி. வச்சிருதேன்.

என்ன சொன்னாளா? லைன் கட்டாயிட்டோன்னு நெனச்சேன். பெறவு, ‘நீங்க சாப்பிட்டியளா?’ன்னு கேட்டா.

எந்திரிங்க தம்பி, வழி விடுங்க. அந்தப் பொட்டிய எடுக்கணும். கண்டக்டர், ஆளெறங்கணும், விசிலடிச்சுராதீங்க! இல்லப்பா, டிக்கெட் மதுரைக்குத்தான். தெரியும். திரும்பத் தர வேண்டாம். ஊசிக்காகத்தான் தம்பி. மெட்ராஸ்ல எந்த ஆஸ்பத்திரின்னு கண்டு, எந்த வரிசையில போயி நிக்க? அங்க உள்ளவன் கடிச்சது யாருன்னு முதல்லருந்து கேப்பான். நம்ம ஊருன்னா அவ வந்து சொல்லிக்கிடுவா.